வெயில் படாத இடம்

அலமாரியின் கீழ்த் தட்டில் மணல் கிடந்தது. மணல் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். விரல் நுனியில் ஒற்றி எடுத்து, திரையின் இடுக்கில் வந்த வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தால் அது மணல் மாதிரி மினுங்கவில்லை. கடுகை விடப் பல மடங்கு சிறிய, உருண்டையான கரிய மணிகள். நசுக்கியதும் பொடியாகி விரல் ரேகைக்குள் போய் ஒட்டிக்கொண்டன. மோந்து பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கும், நாள்பட்ட வியர்வையும், மழைக்காலத்தில் சரியாகக் காயாத துணியின் வாடையும் சேர்ந்து அடித்தது. அவளுடைய வாசனைதான். அதனால் பயம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது. தட்டை ஈரத் துணியால் துடைத்து, துணியைக் குளியலறையில் அலசிப் பிழிந்து, வேறு யாருமே இல்லாத வீட்டில் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

மேல் தட்டில், கணவரின் பழைய கம்பளி ஸ்வெட்டருக்குள் சுற்றி வைத்திருந்தது அவளுடைய முடி.

விக் என்ற சொல்லை அவள் மனதுக்குள்ளேகூடச் சொல்லமாட்டாள். கணவர் கப்பலில் இன்ஜினியர்; ஒருமுறை ஏறினால் பாதி வருடத்துக்கு மேல் தண்ணீர்தான். இந்த முறை அவர் ஏறிப் போன பிறகு அவளுக்கு டைபாய்டு வந்தது. போகும்போது அது தலைமுடியையும் கையோடு கூட்டிக்கொண்டு போனது. முதலில் தலையணையில், பிறகு சீப்பில், பிறகு குளிக்கும்போது கொத்துக் கொத்தாக. "திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்று டாக்டர் வானிலை அறிக்கை மாதிரி வாசித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கணவருக்கு அந்த முடியின் மேல் அப்படி ஒரு பைத்தியம். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "உன்னையாவது போன்ல பார்த்துக்கலாம், இதை விட்டுட்டுப் போறதுதான் கஷ்டம்" என்பார். வெறும் கேலிதான். ஆனால் அந்தக் கேலியைக் கேட்டுச் சிரித்தவள், அதே வாயால் எல்லாம் கொட்டிவிட்டது என்று எப்படிச் சொல்வாள்? காய்ச்சல் சாக்கில் தலையில் கட்டிய துணியை அவிழ்க்காமலே வேறு ஊருக்கு பஸ் ஏறிப் போய் அதை வாங்கி வந்தாள். நிஜ மனித முடி, இடுப்பு வரை. வீடியோவில் அவர் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. மாடி வீட்டில் இருக்கும் நாத்தனாரும் கண்டுபிடிக்கவில்லை. அது எவ்வளவு பெரிய சாதனை என்பது நாத்தனாரைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

விற்றவர் சொல்லித்தான் அனுப்பினார். "அடிக்கடி அலசுங்கம்மா. காத்துல காய வைங்க. சுத்தி அடைச்சு மட்டும் வைக்காதீங்க, முடியும் கம்பளி மாதிரிதான்." எங்கே காய வைப்பது? கொடி இருப்பது மொட்டை மாடியில்; போக நாத்தனாரின் வாசலைத் தாண்ட வேண்டும். அறைக்குள் காய வைத்தால் ஈரம் போகாமல் நாறியது. அதனால் அலசுவதையே விட்டுவிட்டாள். தினமும் கழற்றியதும் வியர்வையோடு அப்படியே ஸ்வெட்டரில் சுற்றி வைப்பாள். ஸ்வெட்டரில் இன்னும் கொஞ்சம் அவர் வாசனை இருந்தது. அதுவும் இதுவும் ஒன்றாகக் கிடக்கட்டுமே என்று ஒரு சின்ன ஆசை. வெளியிலிருந்து எவர் கண்ணும் பட்டுவிடக் கூடாதென்று ஜன்னல் திரையைப் பகலிலும் விலக்குவதில்லை.

அன்று சாயங்காலம் நாத்தனார் கீழே இறங்கி வந்தார். கம்பளி நூலில் குழந்தைகளுக்கு ஸ்வெட்டரும் குல்லாயும் பின்னி விற்பது அவர் பிழைப்பு. கையில் ஒரு பொம்மை அளவு ஸ்வெட்டர். அதன் நெஞ்சில் இருந்த ஓட்டைக்குள் சுட்டு விரலை விட்டு ஆட்டிக் காட்டினார்.

"பாரு. பின்னி மடிச்சு வச்சப்ப நல்லாத்தான் இருந்தது. இப்ப எடுத்தா சல்லடை."

"எலியாக்கா?"

"எலின்னா கடிச்சிருக்கும். இது மேய்ஞ்சிருக்கு. அந்துப்பூச்சி."

நாற்காலியில் உட்கார்ந்து, பூச்சியைப் பற்றி, நூல்கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வந்ததையெல்லாம் கொட்டினார். பறக்கிற பூச்சி ஒன்றும் செய்யாதாம், அதற்குத் தின்ன வாயே கிடையாதாம். முட்டை மட்டும் போடும். தின்பது புழு. "கம்பளி, பட்டு, இறகு, முடி. உடம்புல இருந்து வந்ததா இருந்தா போதும். பருத்தியைச் சீந்தாது. விளக்கைப் பார்த்து வராது, விளக்கைப் பார்த்தா ஓடிரும். இருட்டு வேணும், யாரும் தொடாத மூலை வேணும்." கொஞ்சம் நிறுத்தினார். பிறகு குரல் இறங்கியது. "துவைச்சு வச்ச துணிக்கு லேசுல வராதாம். வேர்வையும் பிசுக்கும்தான் அதுக்கு ருசி. என் தப்புதான் போ. பிஸ்கட் தின்னுகிட்டே பின்னுறேன் இல்ல."

நாத்தனார் தலை குனிந்து அவள் பார்த்ததில்லை. குட்டி ஸ்வெட்டரை மடித்து, ஓட்டை உள்பக்கம் போகும்படி மடியில் வைத்துக்கொண்டிருந்தார், வந்தவர்கள் முன்னால் கிழிந்த புடவையை மறைக்கிறவர் மாதிரி. இப்போது சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வாயைத் திறந்தாள்.

"கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம் அக்கா," என்றாள்.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. நாத்தனார் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார்.

மறுநாளிலிருந்து வீடு போர்க்களம். நாத்தனார் மாடியில் இருந்த கம்பளியை எல்லாம் வெயிலில் பரப்பி, தையல் ஓரங்களையும் மடிப்புகளையும் பிரஷ்ஷால் தேய்த்தார். அலமாரி மூலைகளிலும் கட்டிலுக்கு அடியிலும் வேக்குவம் கிளீனர் குழாயை விட்டுத் தூசியை உறிஞ்சி எடுத்தார். பிறகு துணிகளைக் காற்றுப் புகாத பைகளில் போட்டு ஃப்ரீசரில் அடுக்கினார். குளிரில் நாள்கணக்கில் கிடந்தால்தான் முட்டை சாகுமாம். தன் ஃப்ரீசர் நிறைந்ததும் கீழ்வீட்டு ஃப்ரீசரும் நிறைந்தது. ஐஸ் கட்டி கேட்டால் குல்லாய்தான் கிடைக்கும் என்று அவரே சொல்லிச் சிரித்தார். அந்துருண்டை வாசம் மாடிப்படி வழியாக இறங்கி வந்து சாப்பாட்டில் கூட ஏறியது. இத்தனைக்குப் பிறகும் புதிதாகப் பின்னியதில் ஓட்டை விழுந்தது.

"எங்கேயோ மூட்டை இருக்கு," என்றார் நாத்தனார். "அழுக்கோட ஒண்ணைச் சுருட்டி வச்சிருக்கோம், மறந்துட்டோம். அங்கிருந்துதான் கிளம்பி வருது. உன் அலமாரியையும் ஒருதரம் கொட்டிப் பார்த்துடுவோமா?"

"என்கிட்ட கம்பளியே கிடையாது அக்கா. எல்லாம் காட்டன்."

"சரி சரி," என்று அவர் உடனே நம்பினார். சந்தேகப்பட்டிருந்தால்கூட இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

படுக்கும் முன் அலமாரிப் பக்கம் காதை வைத்தால் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. தாளின் மேல் உப்பைத் தூவுகிற மாதிரி, நின்று நின்று, பொறுமையாக, அவசரமே இல்லாத சத்தம். கதவில் கை வைத்தால் நின்றுவிடும். கையை எடுத்தால் சற்று யோசித்துவிட்டு மறுபடி தொடங்கும். ஸ்வெட்டரைப் பிரித்து உதறிப் பார்த்தாள். ஸ்வெட்டர் கையோடு நூலாகப் பிய்ந்து வந்தது. அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். முடியில் மட்டும் ஒரு குறையும் தெரியவில்லை. சொல்லப்போனால் முன்பைவிட அடர்த்தியாக இருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு நிம்மதியாக இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

அவள் வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் தலையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய வேலை. அந்த வாரம் ஒரு பெரியவர் வந்தார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு போட்டுக்கொள்ளும் முதல் கண்ணாடி. அவள் அதை அவர் மூக்கில் பொருத்தி, காதோரக் கம்பியை வளைத்துச் சரிசெய்தாள். அவர் எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்தார். சந்தோஷத்தில் அவளைப் பார்த்துத் திரும்பினார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அம்மா, தலையில அரிசி ஒட்டியிருக்கு," என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்தார். "இல்ல. அது நடக்குது."

"புதுக் கண்ணாடி சார். முதல்ல அப்படித்தான் இருக்கும். தரைகூட ஆடுற மாதிரி தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, கண்களைக் கசக்கிக்கொண்டார். "மன்னிச்சுக்கம்மா, வயசாயிடுச்சு," என்றார். இத்தனை நாளைக்குப் பிறகு நன்றாகத் தெரிந்த முதல் நாளிலேயே அந்த மனிதரைத் தன் கண்ணைச் சந்தேகப்பட வைத்துவிட்டாள்.

கடையின் கழிப்பறையில் தாழிட்டுக்கொண்டு பார்த்தாள். காதுக்கு மேலே அது இருந்தது. ஒரு கூடு. அரிசி அளவில் மெல்லிய வெள்ளைக் குழாய், வெளியே அங்கங்கே நறுக்கிய முடித் துணுக்குகள் ஒட்டியிருந்தன. ஒரு முனையிலிருந்து பழுப்பு நிறத்தில் சின்னத் தலை எட்டிப் பார்த்தது. அவள் முகத்துக்கு நேரே. பிறகு உள்ளே போய்விட்டது. நகத்தால் கிள்ளி இழுத்தாள். வரவில்லை. பலமாக இழுத்தாள்.

வலித்தது.

விக்கை இழுத்தால் அவளுக்கு எதற்கு வலிக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து கழற்றியபோது அது பிளாஸ்திரி மாதிரி ஒட்டிக்கொண்டு, மெல்லக் கிழிகிற சத்தத்தோடு வந்தது. உள்பக்க வலையின் மேல் வெள்ளையாக, மிருதுவாக, பட்டு மாதிரி ஏதோ நெய்யப்பட்டிருந்தது. கொஞ்ச நாளாக நெற்றி ஓரத்தில் உறுத்தல் இல்லாமல் போனதற்குக் காரணம் அதுதான். அளவெடுத்துத் தைத்த மாதிரி தலைக்குப் பொருந்தியிருந்தது. அவள் தலையில் சிவப்புப் புள்ளிகள், வரிசை வரிசையாக. எரிய எரிய சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு அதை ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக முடிந்து, ஃப்ரீசரில் குட்டி ஸ்வெட்டர்களுக்கு அடியில் திணித்தாள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்தாள்.

காலையில் ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டு எழுந்து ஓடினாள். நாத்தனாரிடம் ஒரு சாவி உண்டு. பைகளை மாற்ற வந்தவர், கறுப்புப் பையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இது என்னோடது இல்லையே?"

"மருந்து அக்கா. தலைவலிக்கு. பிரிச்சா கெட்டுப்போயிடும்." கையை நீட்டினாள்.

நாத்தனார் உடனே கொடுத்துவிடவில்லை. இன்னொரு கையால் பையின் மேல் தடவினார். புருவம் சுருங்கியது.

"நேத்துலேர்ந்து உள்ளேயா இருக்கு? சூடா இருக்கேம்மா."

அவள் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கியது இருவருக்குமே தெரிந்தது. நாத்தனார் வெறும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். அவள் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார், பிறகு வேறு எங்கோ பார்த்தார். "ஏதாவதுன்னா சொல்லும்மா, நான் இருக்கேன்ல," என்று சொல்லிவிட்டு ஸ்வெட்டர்களை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

அறைக்குள் வந்து கதவை அடைத்தபோது போன் அடித்தது. கணவர். குரல் மட்டும் வந்தது, படம் வரவில்லை.

"கரையிலதான் இருக்கேன். முன்கூட்டியே இறக்கி விட்டுட்டாங்க. நாளைக்குக் காலையில வீட்ல இருப்பேன்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நேர்ல சொல்லு. விமானத்துக்கு நேரமாச்சு. பின்னிப் போட்டுறாத, என்ன? விரிச்சு விட்டு வை," என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

பை, கட்டிலின் மேல் கிடந்தது. முடிச்சை அவிழ்த்து எடுத்து விரித்து வைத்தாள். நாத்தனார் சொன்னது நினைவுக்கு வந்தது: வெளிச்சத்தைப் பார்த்தால் ஓடிவிடும். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு திரையை முழுக்க விலக்கினாள். வெயில் கட்டில் மேல் அப்படியே கொட்டியது, தூசி எழுந்தது, கண் கூசியது, துவைத்த தலையணை உறையின் வாசனைகூட வந்தது. எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது.

முடி நகர்ந்தது.

ஜன்னல் இன்னும் சாத்தித்தான் இருந்தது. காற்று இல்லை. நீளமான நுனிகள் வெயிலிலிருந்து ஒவ்வொன்றாகச் சுருண்டு, சுவரோர நிழலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அவள் ஒரு இழையை எடுத்துக் கண்ணருகே பிடித்தாள். முடி இல்லை. கூடுகள். முடித் துணுக்கு ஒட்டிய, நூலளவு கூடுகள். ஒன்றின் வாலை அடுத்தது பிடித்திருந்தது. அதன் வாலை அடுத்தது. நுனி வரை. இன்னொரு இழை. அதுவும் அப்படித்தான். கொத்தாக அள்ளி விலக்கிப் பார்த்தாள். முடியைத் தேடினாள். நிஜ முடி எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினாள்.

இல்லை.

மேலே மொட்டை மாடியில் நாத்தனார் ஸ்வெட்டர்களை உதறும் சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் போதும். ஓடி வருவார். ஒரு வார்த்தை திட்டமாட்டார், அவளுக்குத் தெரியும். வந்து பார்ப்பார். அவள் தலையையும், கட்டில் மேல் கிடப்பதையும், தன் பிழைப்பு சல்லடையாகப் போனதற்குக் காரணத்தையும் ஒரே பார்வையில் பார்ப்பார். அந்தப் பார்வையை நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. புழுவைத் தொட்டபோதுகூட இப்படிக் கூசவில்லை.

எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டாள்.

காலையில் கணவர் வந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள், முடியை விரித்துவிட்டு. வைத்துக்கொள்ளும்போது அதைப் பிடித்து அழுத்த வேண்டியிருக்கவில்லை. அதுவே உட்கார்ந்தது. அவர் கறுத்திருந்தார், தாடி வளர்ந்திருந்தது. பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே அவள் தலையில் கை வைத்தார்.

"அடேயப்பா. நான் இல்லாதப்ப நல்லா வளர்த்திருக்க."

"எண்ணெயை மாத்தினேன்," என்றாள் அவள். படியில் நின்றிருந்த நாத்தனார் அவள் தலையையே பார்த்தார்.

சாப்பிட்டதும் அவருக்குக் கண்ணைச் சுழற்றியது. ஒரு நாள் முழுக்கப் பயணம். அறைக்கு வந்து படுத்தார், அவளையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பழையபடி முடிக்குள் முகத்தைப் புதைத்தார். அவர் விரல்கள் போன பக்கமெல்லாம் அது விரல்களை நோக்கி எழும்பியதை அவள் உணர்ந்தாள். அவருக்குத் தெரியவில்லை. "பட்டு மாதிரி இருக்கு," என்றார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். தலைக்குள், எலும்புக்கு மிக அருகில், உப்புத் தூவுகிற அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது சொல்லிவிடலாம். இப்போதுகூட. அவர் எழுந்து உட்கார்ந்து பார்ப்பார். கையை உதறுவார். அவர் கையை உதறப்போவதை அவளால் தாங்க முடியாது.

"ஏன் இப்படி இருட்டா வச்சிருக்க? உன் முகத்தைப் பார்க்க வேண்டாமா," என்று அரைத் தூக்கத்தில் கையை நீட்டித் திரையைக் கொஞ்சம் விலக்கினார்.

ஒரு பட்டை வெயில் அவள் தலை மேல் விழுந்தது.

அவர் கண்கள் மூடிவிட்டன. அவளுடையவை திறந்திருந்தன. தலையணை மேல் பரந்திருந்த முடி வெயிலை விட்டு விலகத் தொடங்கியது. மெதுவாக. பிறகு வேகமாக. நிழல் எங்கே என்று தேடியது. நிழல் அவர் பக்கம் இருந்தது. அவர் தோள். அவர் கழுத்து. மோவாய்க்கு அடியில். அவர் காதுக்குள்.

அவர் முகத்தைச் சுளித்தார். கண்ணைத் திறக்காமல் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"என்னமோ ஊருது."

எழுந்து கத்த வேண்டும். அவரை இழுத்து எழுப்ப வேண்டும். விளக்கைப் போட வேண்டும். பிடுங்கி எறிய வேண்டும். அவர் பார்க்க வேண்டியிருக்கும்.

"என் முடிதான்," என்றாள். "தூங்குங்க."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. அவள் அசையாமல் கிடந்து பார்த்தாள். அவருடைய தாடி, மூச்சுக்குச் சம்பந்தமே இல்லாமல், மெல்ல மெல்ல அசைந்துகொண்டிருந்தது.